டான்ஃபாக், நாகார்ஜுனா, ஐ.எல் அண்ட் எஃப்.எஸ்... கடலூர் - சிதம்பரம் ரோட்டில் ஒரு ஷேர் மார்க்கெட் பாடம்!

கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சுமார் 45 கிலோமீட்டர் தூரம். ஜன்னல் சீட் கிடைத்தாலும் நம்ம ஆட்கள் வெளியே பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள். அதில் இப்போது ரீல்ஸ் மட்டும் ஓடுவதில்லை. பச்சையும் சிவப்புமாக கேண்டில் சார்ட்டும் ஓடுகிறது. காலேஜ் முடித்து வேலை தேடுகிற தம்பி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஜி படிக்கிற தங்கை, சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிற அண்ணன்... யார் போனை எட்டிப் பார்த்தாலும் ஒரு டிரேடிங் ஆப் இருக்கும். நாட்டில் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2025-ல் 20 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் ஆச்சர்யப்பட எதுவும் இல்லை.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. எஃப் அண்ட் ஓ என்று சொல்கிறோமே, அந்த ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் கணக்குச் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம்.

அதே அறிக்கையில் நம் ஊரை நேராகக் கைகாட்டுகிற இரண்டு எண்கள் இருக்கின்றன. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31 சதவீதத்தில் இருந்து 43 சதவீதமாக ஏறியிருக்கிறது. டிரேட் செய்கிறவர்களில் 72 சதவீதத்துக்கு மேல் முதல் 30 பெரிய நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். கடலூர், சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டி எல்லாம் இந்த 72-க்குள்தான் வரும்.

இதற்கு மாற்றாக எல்லோரும் சொல்லும் அட்வைஸ் ஒன்று உண்டு. "டிரேடிங் பண்ணாதே தம்பி, நல்ல ஷேரை வாங்கிப் போட்டுட்டு மறந்துடு. வாரன் பஃபெட்டைப் பாரு, ஜுன்ஜுன்வாலாவைப் பாரு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவின் ஒமாஹா வரை போகத் தேவையில்லை. கடலூர் பஸ்ஸில் போனைப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும்.

(ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் எந்த ஷேரையும் வாங்கச் சொல்லவோ விற்கச் சொல்லவோ இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. நடந்து முடிந்த கதைகளைத்தான் பார்க்கப் போகிறோம்.)

முதல் நிறுத்தம்: குடிகாடு

கடலூர் முதுநகர் தாண்டியதும் ஒரு வாசனை வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சிப்காட். அங்கே குடிகாட்டில் இருக்கிறது டான்ஃபாக் இண்டஸ்ட்ரீஸ். 1972-ல் பதிவு செய்யப்பட்ட கம்பெனி. தமிழக அரசின் டிட்கோவும் பிர்லா குழுமமும் கூட்டாக நடத்தியது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், அலுமினியம் ஃப்ளூரைடு மாதிரி சமாச்சாரங்களைத் தயாரிக்கிறது. ஏ.சி, ஃபிரிட்ஜுக்கான கேஸ் தயாரிக்க அந்த அமிலம் வேண்டும். அலுமினியம் உருக்க ஃப்ளூரைடு வேண்டும். ரீல்ஸ் போட்டுக் காட்டுகிற அளவுக்கு கவர்ச்சியான பிசினஸ் கிடையாது.

2014 வாக்கில் இதன் ஷேர் 30 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். அப்போது கம்பெனியின் மொத்த ஷேர்கள் சுமார் 99.75 லட்சம். 30 ரூபாயால் பெருக்கினால் சுமார் 30 கோடி. அதாவது நிலம், ஆலை, லைசென்ஸ், பல வருட வாடிக்கையாளர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கம்பெனிக்கு மார்க்கெட் போட்ட விலை, சென்னையில் நாலைந்து சொகுசு பங்களாக்களின் விலை. வேல்யூ இன்வெஸ்டிங் என்று பெரிதாகப் பேசப்படுவதன் முதல் படி இந்தப் பெருக்கல்தான். ஷேர் 30 ரூபாயா 3,000 ரூபாயா என்பதை வைத்து 'சீப்', 'காஸ்ட்லி' என்று சொல்ல முடியாது. முழுக் கம்பெனியையும் இந்த விலைக்கு வாங்கினால் அது வருடத்துக்கு என்ன சம்பாதித்துக் கொடுக்கும், அதற்கு எவ்வளவு கடன் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் காலம் மாறியது. சீனாவில் சுற்றுச்சூழல் கெடுபிடி இறுகியபோது 2017-18-ல் ஃப்ளூரின் ரசாயனங்களின் விலை ஏறியது. ஷேரும் பறந்து சில நூறு ரூபாய்க்குப் போனது. 'ஆஹா, நம்ம ஊரு மல்டிபேக்கர்' என்று அந்த 2018 ஜனவரி உச்சத்தில் வாங்கியவர்கள், 2020 மார்ச்சில் கொரோனா அடித்தபோது போட்ட பணம் பாதிக்கும் கீழே கரைந்ததைப் பார்த்தார்கள். கம்பெனி அதே கம்பெனிதான். கொடுத்த விலைதான் அவர்களை மாட்டிவிட்டது.

2022 பிப்ரவரியில் பிர்லா தரப்பு தன் 24.96 சதவீதப் பங்கை சூரத்தைச் சேர்ந்த அனுபம் ரசாயன் கம்பெனிக்கு சுமார் 148 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. ஒரு ஷேருக்கு 595 ரூபாய் கணக்கு. அடுத்த வருடமே ஷேர் ஆயிரங்களில் போனது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் எதையும் விற்காமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள். 26.02 சதவீதம் வைத்திருந்த டிட்கோ.

இங்கே இன்னொன்றையும் எழுதாமல் போக மனசு வரவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டில் மிக மோசமாக மாசடைந்த தொழில் பகுதிகளைப் பட்டியல் போட்டபோது கடலூர் சிப்காட்டும் அதில் இருந்தது. உப்பனாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் கொடுத்த விலை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. இதை மனிதாபிமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு ரசாயன கம்பெனியில் நீண்டகாலத்துக்குப் பணம் போடுகிறவர் கழிவு, வழக்கு, மூடுவதற்கான நோட்டீஸ் இதையெல்லாம் படித்துத்தான் ஆக வேண்டும். ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.

யார் இந்த டிட்கோ?

பஃபெட்டையும் ஜுன்ஜுன்வாலாவையும் எல்லோருக்கும் தெரியும். நம் மாநிலத்தின் மிகப் பொறுமையான முதலீட்டாளர் யார் என்று கேட்டால் யாரும் டிட்கோ பெயரைச் சொல்வதில்லை. தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனம் 1965-ல் தொடங்கப்பட்டது. தனியாருடன் சேர்ந்து தொழிற்சாலைகள் கொண்டுவருவது அதன் வேலை. அப்படி 1984-ல் டாடாவுடன் கூட்டு சேர்ந்து தொடங்கியதுதான் ஓசூர் டைட்டன். ஆம், உங்கள் அப்பா கையில் கட்டியிருக்கிற அதே டைட்டன்.

டைட்டனில் டிட்கோவுக்கு இன்றும் 27.88 சதவீதம். டாடா குழுமத்தின் பங்கைவிட அதிகம். 2023-24-க்கு டைட்டன் ஷேருக்கு 11 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. டிட்கோவிடம் இருப்பது சுமார் 24.75 கோடி ஷேர்கள். பெருக்கிப் பாருங்கள், 272 கோடி ரூபாய். ஒரு ஷேரைக்கூட விற்காமல் ஒரே வருடத்தில் அரசு நிறுவனத்துக்கு வந்த பணம் இது.

ஜுன்ஜுன்வாலா டைட்டனுக்குள் வந்தது 2002-03 வாக்கில். 2011-ல் நடந்த போனஸையும் ஷேர் பிரிப்பையும் சேர்த்து இன்றைய கணக்குக்கு மாற்றினால் அவர் வாங்கிய விலை ஒற்றை இலக்கத்தில் வரும். இப்போது அந்த ஷேர் 3,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. 2022 ஆகஸ்ட்டில் அவர் இறக்கும்வரை டைட்டனில் இருந்து முழுதாக வெளியே வரவில்லை. யூடியூபில் இந்தக் கதையைக் குறைந்தது நூறு பேர் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் சொல்லாத கதை டி.எச்.எஃப்.எல். வீட்டுக்கடன் கொடுத்த அந்தக் கம்பெனியிலும் ஜுன்ஜுன்வாலாவுக்குப் பங்கு இருந்தது. 2019-ல் கம்பெனி திவாலானது, 2021-ல் ஷேர் மார்க்கெட்டை விட்டே நீக்கப்பட்டது. ஷேர்ஹோல்டர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். அதே ஆள்தான், பொறுமையும் அதேதான்.

டிட்கோவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அதைப் பார்க்க பஸ் இன்னும் கொஞ்சம் தெற்கே போக வேண்டும்.

காயல்பட்டு: துருப்பிடித்த பாடம்

ஆலப்பாக்கம் தாண்டி, பெரியப்பட்டு பக்கம் கடலோரமாகக் கண்ணை ஓட்டினால் பெரிய பெரிய டேங்குகளும் இரும்புச் சட்டங்களும் நிற்கும். நாகார்ஜுனா ஆயில் கார்ப்பரேஷன். வருடத்துக்கு 60 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கப் போட்ட திட்டம். ஜெர்மனியில் இருந்த பழைய சுத்திகரிப்பு ஆலை ஒன்றைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள். நாகார்ஜுனா குழுமம், டாடா, டிட்கோ, பிறகு டிராஃபிகுரா என்ற வெளிநாட்டு எண்ணெய் வர்த்தக நிறுவனம் எல்லோரும் பணம் போட்டார்கள். வங்கிகள் ஆயிரக்கணக்கான கோடி கடன் கொடுத்தன.

2011 டிசம்பர் 30. தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியை நினைவுபடுத்தத் தேவையில்லை. கட்டிக்கொண்டிருந்த ஆலைக்குப் பெருத்த சேதம். வேலை நின்றது. நின்ற வேலை மறுபடி தொடங்கவே இல்லை. செலவு மதிப்பீடு ஏறியது, வட்டி ஏறியது, புதிதாகப் பணம் போட ஆள் இல்லை. 2017-ல் திவால் நடவடிக்கை, 2018 கடைசியில் கம்பெனியைக் கலைக்க தீர்ப்பாயத்தின் உத்தரவு. அந்த இடத்தை ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் வாங்கியது. அதற்கு முன்பும் பின்பும் உள்ளே புகுந்து இரும்பு திருடும் கும்பல் பற்றிய செய்திகள் எத்தனை முறை வந்தன என்பது உள்ளூர்ப் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தத் திட்டத்தில் பங்கு வைத்திருந்த நாகார்ஜுனா ஆயில் ரிஃபைனரி என்ற கம்பெனியின் ஷேர் மார்க்கெட்டில் சில ரூபாய்க்குக் கிடைத்தது. 'இவ்ளோ பெரிய ரிஃபைனரி, ஷேர் வெறும் இவ்ளோதானா? என்னைக்காவது ஓடும்ல' என்று வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்களும் பொறுமையாகத்தான் காத்திருந்தார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கடற்கரை. இரண்டிலும் டிட்கோ. இரண்டிலும் வருடக்கணக்கில் காத்திருப்பு. ஒன்று பல மடங்கானது, இன்னொன்று காயலான் கடைக்குப் போனது. ஏன்?

என் பார்வையில் விஷயம் இதுதான். டான்ஃபாக் மோசமான வருடங்களிலும் ஓடிக்கொண்டிருந்த ஆலை. இன்று காலை சரக்கு ஏற்றி அனுப்பினால் இன்றே பில் போடலாம். அந்த வருமானம் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. நல்ல காலம் வந்தபோது அங்கே ஆலை தயாராக நின்றது. நாகார்ஜுனா ஒரு சொட்டு டீசல் விற்பதற்கு முன்பே கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. சம்பாதிக்கிற கம்பெனியில் காத்திருந்தால் ஒவ்வொரு வருடமும் நமக்காக வேலை செய்கிறது. கடனில் நிற்கிற, இன்னும் சம்பாதிக்கத் தொடங்காத கம்பெனியில் காத்திருந்தால் ஒவ்வொரு வருடமும் கடன் கொடுத்தவருக்காக வேலை செய்கிறது. திவால் வரிசையில் ஷேர்ஹோல்டருக்குக் கடைசி இடம். வங்கிக்கே முழுசாக வராதபோது கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும்?

'தானே வந்தது கெட்ட நேரம், யார் என்ன செய்ய முடியும்?' என்று கேட்கலாம். சரிதான். ஆனால் வங்கக்கடல் ஓரத்தில் புயல் வருவது அதிசயமும் இல்லை. 2004-ல் சுனாமியையே பார்த்த ஊர் இது. பஃபெட்டின் குரு பெஞ்சமின் கிரஹாம் இதற்கு ஒரு வழி சொன்னார். 1929 வீழ்ச்சியில் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். நம் கணிப்பு தப்பானாலும் தாங்குகிற அளவுக்கு விலையில் இடைவெளி விட்டு வாங்க வேண்டும் என்பது அவருடைய முக்கியமான பாடம். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், தண்ணீர் வருகிற இடத்தில் வீடு கட்டுகிறவர் மனையை மேடாக்கிவிட்டுத்தான் அஸ்திவாரம் போடுவார். எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியாது. வரும் என்று தெரியும்.

தானே அடித்த அந்த ஒரே ராத்திரியில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அந்த விவசாயிகளுக்கு யாராவது பொறுமையைப் பற்றி வகுப்பு எடுக்க முடியுமா? அப்பா வைத்த மரத்தில் மகன் காய் பறித்துக்கொண்டிருந்தார். முழுப் பணமும் ஒரே இடத்தில் நின்றால் எவ்வளவு நல்ல மரமானாலும் ஒரு புயல் போதும். பல கம்பெனிகளில், பல துறைகளில் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான். ஐந்து கெமிக்கல் கம்பெனி ஷேர் வாங்குவது பிரித்துப் போடுவது ஆகாது. அது ஒரே தோப்பில் ஐந்து மரம்.

ரேட்டிங் இருந்தா போதுமா?

இன்னும் தெற்கே, பரங்கிப்பேட்டை பக்கம் வந்தால் ஐ.எல் அண்ட் எஃப்.எஸ் குழுமத்தின் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம். இது வேறு விதமான கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஆகஸ்ட்டில் இந்தக் குழுமத்தின் தாய்க் கம்பெனிக்கு 'ட்ரிபிள் ஏ' ரேட்டிங். அதாவது இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று அர்த்தம். செப்டம்பரிலேயே அது கட்ட வேண்டிய கடனைக் கட்ட முடியாமல் 'டி' ரேட்டிங்குக்கு விழுந்தது. அக்டோபர் 1-ல் மத்திய அரசு இயக்குநர் குழுவையே மாற்றியது. 300-க்கும் மேற்பட்ட துணைக் கம்பெனிகள், 90,000 கோடிக்கு மேல் கடன். ரிஸ்க்கே வேண்டாம் என்று கடன் பத்திரங்களில் பணம் போட்ட மியூச்சுவல் ஃபண்டுகளும் பி.எஃப் டிரஸ்ட்டுகளும் மாட்டிக்கொண்டன.

படித்தவர்கள், கோட் சூட் போட்டவர்கள், அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் ஏமாந்த இடம் இது. டெலிகிராம் சேனலில் வருகிற 'ஷ்யூர் ஷாட் கால்' எந்த மூலைக்கு?

கடலூர் மாவட்டத்தில் ஷேர் என்றாலே நினைவுக்கு வருவது என்.எல்.சி-தானே, அதைச் சொல்லவில்லையே என்று நெய்வேலிக்காரர்கள் கோபிக்கலாம். அது இந்த ரோட்டில் இல்லை, ஆனால் கணக்கு முக்கியமானது. 2013-ல் மத்திய அரசு என்.எல்.சி பங்குகளை விற்க முயன்றபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தலையிட்டு, டிட்கோ, சிப்காட் உட்பட ஐந்து மாநில அரசு நிறுவனங்களே 3.56 சதவீதத்தை சுமார் 358 கோடிக்கு வாங்கின. ஷேர் 60 ரூபாய். ஏழு வருடம் கழித்து 2020 மார்ச்சில் அது அந்த 60-க்கும் கீழே இருந்தது. 2024-ல் 200-ஐத் தாண்டியது. 11 வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் என்றால் ஆண்டுக்கு சுமார் 11 சதவீதக் கூட்டு வளர்ச்சி, டிவிடெண்ட் தனி. நல்ல வருமானம்தான். ஆனால் அந்த 11 வருடத்தில் முதல் ஏழு வருடத்தை யோசியுங்கள். 'எஃப்.டி போட்டிருந்தாக்கூட ஏதோ வந்திருக்குமே' என்று வீட்டில் திட்டு வாங்காமல் எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? அரசு நிறுவனத்துக்கு வீட்டில் திட்ட ஆள் இல்லை என்பது பெரிய வசதி.

(2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலில் என்.எல்.சி விரிவாக்கத்துக்காக புல்டோசர் இறங்கிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே நிலத்துக்கான இழப்பீடாக மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்த குடும்பங்களுக்கு, அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பது ஷேர் டிப்ஸ் விஷயம் கிடையாது. அவர்களிடம் இனி வேறு நிலம் இல்லை.)

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

பஸ் சிதம்பரம் வந்துவிட்டது. கோயிலைப் பார்க்கலாம், கத்தரிக்காய் கொத்சு சாப்பிடலாம். கூடவே ராமசாமி செட்டியார் நகர மேல்நிலைப் பள்ளியின் பெயர்ப் பலகையையும் ஒரு முறை பாருங்கள். அந்த ராமசாமி செட்டியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் அண்ணன். இந்தியன் வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அந்த வங்கி பிறந்ததே ஒரு மோசடியின் சாம்பலில். 1906 அக்டோபரில் மெட்ராஸின் பெரிய வெள்ளைக்கார நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. பெரிய பெயர், நல்ல வட்டி என்று நம்பி டெபாசிட் போட்ட ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. ஆருத்ராவையும் நியோமேக்ஸையும் பார்த்த நமக்கு இந்தக் கதை புதிதாகத் தெரியாது. நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோர் முயன்று, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது.

நூறு வருடம் கழித்து, 2007 பிப்ரவரியில் அது ஐ.பி.ஓ வந்தது. விலை 91 ரூபாய். 2010-ல் மூன்று மடங்கானது. சந்தோஷம். 2020-ல் கொரோனா நேரத்தில் 50 ரூபாய்க்கும் கீழே. பதிமூன்று வருடம் காத்திருந்தவருக்கு போட்டதில் பாதிதான். 2024-ல் 500-ஐத் தாண்டியது.

இந்த எண்களை வைத்து 'பார்த்தீங்களா, பொறுமை ஜெயிச்சுது' என்று ஒரு ரீல் போட்டுவிடலாம். ஆனால் 2020-ல் வேலை போனவர், வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தவர் என்ன செய்திருப்பார்? 45 ரூபாய்க்கு விற்றிருப்பார். அவர் அவசரக்காரர் என்று அர்த்தமா? கையில் வேறு பணம் இல்லை, அவ்வளவுதான். பெரிய முதலீட்டாளர்களைப் பற்றி நாம் படிக்கும் புத்தகங்களில் அதிகம் எழுதப்படாத பகுதி இது. பஃபெட்டுக்கு அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் இருந்து பிரீமியம் பணம் வந்துகொண்டே இருந்தது. டிட்கோவுக்கு மாதக் கடைசி என்று ஒன்று கிடையாது. அவர்களுடைய பொறுமையில் பெரிய பங்கு அந்தப் பணவரவுக்கு உண்டு. மாதம் 18,000 சம்பளம் வாங்குகிற ஒருவர் அதே பொறுமையை விரும்பினால், முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை பேங்கில் போட வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். நகைக்கடனும் பெர்சனல் லோனும் இருந்தால் அதை அடைக்க வேண்டும். 16 சதவீத வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு 12 சதவீதம் வரும் என்று ஷேர் வாங்குவது எந்த ஸ்கூல் கணக்கிலும் சரி வராது.

அந்த 12 சதவீதத்தையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி, 20 வருடம், 12 சதவீதம் கிடைத்தால் சுமார் 20 லட்சம் என்று விளம்பரம் வரும். கணக்கு சரிதான், போட்டது 4.8 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 20 லட்சத்துக்கு அன்று இருக்கப்போகிற மதிப்பு இன்றைய 6 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 8 சதவீதம்தான் கிடைத்தது என்றால் கைக்கு வருவதே 12 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் கோடீஸ்வரக் கனவு விற்கிறவரை நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஷேர் பணம் சம்பளத்துக்கு மாற்று ஆகாது. 25 வயதில் உங்கள் பெரிய சொத்து உங்கள் வேலைதான்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார்?

மறுபடி போனுக்கு வருவோம். நீங்கள் ஒரு ஆப்ஷன் வாங்கினால் அதை உங்களுக்கு விற்கிற ஒருவர் இருக்கிறார். 2025 ஜூலையில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேன் ஸ்ட்ரீட் என்ற டிரேடிங் நிறுவனம் இந்திய மார்க்கெட்டில் இண்டெக்ஸை வளைத்து ஆதாயம் பார்த்ததாகச் சொல்லி, 4,843 கோடி ரூபாயை முடக்க செபி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மேஜையின் எதிர்ப்பக்கம் என்ன மாதிரி ஆட்கள், என்ன மாதிரி கம்ப்யூட்டர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அந்த உத்தரவு காட்டியது. சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் டவர் விட்டு விட்டு வருகிற போனை வைத்துக்கொண்டு அவர்களோடு மோதுகிறோம்.

நல்ல கம்பெனியின் ஷேரை நீண்ட காலம் வைத்திருக்கும்போது இந்த மோதல் தேவைப்படுவதில்லை. எதிரில் இருப்பவர் தோற்றால்தான் நமக்கு லாபம் என்ற நிலை அங்கே இல்லை. கம்பெனி சம்பாதிக்க வேண்டும், அது போதும். வேல்யூ இன்வெஸ்டிங்கின் உண்மையான வசதி இதுதான் என்று நினைக்கிறேன். மூளை அதிகம் வேண்டாம், படிக்கிற பழக்கம் வேண்டும்.

எதைப் படிப்பது? பி.எஸ்.இ வெப்சைட்டில் எந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் ஆண்டறிக்கை இலவசமாக வரும். நாகார்ஜுனாவையும் டான்ஃபாக்கையும் பிரித்துக் காட்டிய விஷயங்கள்தான் அங்கே தேட வேண்டியவை. விற்பனை உண்மையில் நடக்கிறதா? லாபம் என்று எழுதியிருப்பது பணமாகக் கைக்கு வந்திருக்கிறதா? இதை கேஷ் ஃப்ளோ பக்கத்தில் பார்க்கலாம். கடன் எவ்வளவு? நடத்துகிறவர்கள் தங்கள் ஷேரை அடமானம் வைத்திருக்கிறார்களா? ஆடிட்டர் ஏதாவது இழுத்து இழுத்து எழுதியிருக்கிறாரா? இந்த அளவுக்குப் படிக்க நேரமில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். பஃபெட்டே சாதாரண மக்களுக்குப் பல வருடமாகச் சொல்லிவந்தது அதைத்தான். 2025 கடைசியோடு அவர் தலைமைப் பொறுப்பில் இருந்து விலகிவிட்டார். அவருடைய கம்பெனியின் பெயரான பெர்க்‌ஷயர் ஹாத்வே ஒரு துணி மில்லின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. 1965-ல் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த மில்லைக் கைப்பற்றி, இருபது வருடம் ஓட்டிப் பார்த்து, 1985-ல் மூடினார். அது தன் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஏற்கெனவே எஃப் அண்ட் ஓ-வில் பணம் விட்டுவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில் பலர் அந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுவதே இல்லை. வருமான வரிச் சட்டப்படி இது வியாபார நஷ்டம். கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால், அடுத்த எட்டு வருடம் வரை வரும் வியாபார லாபத்தில் இதைக் கழித்துக்கொள்ளலாம். எந்த ஃபாரம், என்ன தேதி என்பதை பக்கத்தில் இருக்கிற ஆடிட்டரிடம் கேளுங்கள். போன வருட நஷ்டத்தின் ஸ்டேட்மென்ட்டை உங்கள் ஆப்பிலேயே டவுன்லோட் செய்யலாம், 'டாக்ஸ் ரிப்போர்ட்' என்று இருக்கும்.